பெரியம்மா மூக்கைத் தூக்கிய காலை

தும்பியின் பெரியம்மாவுக்கு இரண்டு சிறகுகள் உண்டு. நெடிய வால் உண்டு. உடலின் இருபுறமும் சேர்த்து எண்பத்தாறு சன்னல்கள் உண்டு. தலை முதல் வால் வரை முப்பத்தாறு மீட்டர் நீளம்.

அவள் ஒரு விமானம்.

முப்பது ஆண்டுகள் முகிலுக்கு மேலே பயணிகளைச் சுமந்து திரிந்தவள். இனிப் பறக்க வேண்டாம் என்று ஓய்வு கொடுத்த பிறகு, வானூர்தி அருங்காட்சியகத்தின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தாள். அங்குள்ள பட்டறையில் தும்பியின் அம்மா தகட்டு வேலை செய்பவர். மழையும் வெயிலும் அரித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் புதுத் தகடு வைத்து, ஒட்டுப் போட்டது தெரியாதபடி மூடிவிடுவார்.

முதல் நாள் அந்த விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "என்னைவிட நாலு வயசு மூத்தவ. அக்கான்னுதான் கூப்பிடணும்" என்றார்.

அம்மாவுக்கு அக்காள் என்றால் தும்பிக்குப் பெரியம்மாதானே! அன்று முதல் பட்டறை முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தும்பிக்கு வயது பத்து. ஓரிடத்தில் நில்லாமல் பறந்துகொண்டே இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். விடுமுறை நாள்களில் அம்மாவுடன் பட்டறைக்கு வந்துவிடுவாள். அவளுக்கென்று அங்கே மூன்று வேலைகள் இருந்தன. இருக்கை வார்களின் பக்கிள்களைத் துடைத்துப் பளபளப்பாக்குவது ஒன்று. விமானத்தின் முன்காலில் இருக்கும் வெள்ளி நிறத் தண்டைத் துணியால் துடைப்பது இன்னொன்று. யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்பது மூன்றாவது. அதை அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

செய்யக் கூடாத வேலையும் ஒன்று உண்டு. முன்கதவின் பக்கத்தில் பழைய தொலைபேசி போன்ற ஒரு கருவி தொங்கும். அதை எடுத்துப் பேசினால் விமானம் முழுவதும் குரல் கேட்கும். போன மாதம்தான் அதற்கு மறுபடி உயிர் வந்திருந்தது.

"ஒரே ஒரு தடவைம்மா. வணக்கம் மட்டும் சொல்லிட்டு வச்சிடறேன்."

"உன் ஒரு தடவை எனக்குத் தெரியாதா? அது விளையாட்டுச் சாமான் இல்ல. வயரெல்லாம் பழசு. தொடக் கூடாது."

தும்பி தொடவில்லை. ஆனால் அதைக் கடக்கும்போதெல்லாம் நடை தானாகவே மெதுவாகிவிடும்.

அந்த ஆண்டு பெரியம்மாவுக்கு ஓர் இடர் வந்தது. அருங்காட்சியகத்தில் இடம் போதவில்லை, பழைய விமானத்தை வெட்டி உருக்கிவிட்டால் முற்றம் காலியாகும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். வைத்திருப்பதா, வெட்டுவதா என்று முடிவு செய்ய, சனிக்கிழமை காலையில் ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதே காலையில் ஒரு பள்ளி வகுப்பும் பார்க்க வருவதாக ஏற்பாடு. விமானத்துக்குள் பார்வையாளர்கள் ஏறப்போவது அதுவே முதல் முறை.

கடிதத்தைப் படித்த அன்று அம்மா மதிய உணவைத் திறக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை வரை எல்லோரும் விழுந்து விழுந்து வேலை செய்தார்கள். ஆனாலும் முடியாத வேலை கொஞ்சம் மீதமிருந்தது. விமானத்தின் முன்பக்கத்துச் சமையலறையும் விமானி அறையின் பாதிக் கருவிகளும் இன்னும் பட்டறையில்தான் கிடந்தன. முன்பக்கம் காலியாக இருக்க, பெரியம்மாவின் இரண்டு இன்ஜின்களும் வாலின் அருகே கனமாக அமர்ந்திருந்தன.

"அப்போ பார்க்குல இருக்கிற சீசாப் பலகை மாதிரி பின்பக்கம் சாஞ்சிடாதா?" என்று தும்பி முன்பே ஒருநாள் கேட்டிருந்தாள்.

"சாயும். அதனாலதான் ரெண்டு காவல் போட்டிருக்கோம்" என்று அம்மா காட்டினார். மூக்குக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் இருபத்தாறு மணல் மூட்டைகள். வாலுக்குக் கீழே முட்டுக்கொடுத்த ஓர் இரும்பு முக்காலி. "ரெண்டுல ஒண்ணு இருந்தாலே போதும். ரெண்டும் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

சனிக்கிழமை காலையில் தும்பி வந்து பார்த்தபோது முக்காலியைக் காணோம்.

"பெயிண்டர் அண்ணா, வாலுக்குக் கீழ இருந்த முக்காலி எங்கே?"

விமானத்துக்கு வண்ணம் பூசும் பெயிண்டர் அண்ணன், தூரிகையைத் தகரத்தில் தட்டிக்கொண்டே சிரித்தார். "துருப்பிடிச்ச மூஞ்சியோட அது அதிகாரி முன்னாடி நிக்கலாமா? மஞ்சள் அடிச்சுக் கொட்டகைக்குப் பின்னாடி காயவச்சிருக்கேன். இன்னும் ஈரம் போகல."

"அதுவரைக்கும் பெரியம்மா?"

"முன்னாடி மூட்டை இருக்குல்ல? இருபத்தாறு! அசைய மாட்டா."

அது சரிதான் என்று தும்பியும் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அவளுக்கு அன்று புது வேலை. படிக்கட்டின் உச்சியில், முன்கதவுக்கு வெளியே இருந்த மேடையில் நின்று, உள்ளே போகிறவர்களுக்குத் துணிக் காலுறை கொடுக்க வேண்டும். பழைய தரைவிரிப்பு அழுக்காகாமல் இருக்கச் செருப்பின்மேல் அதை மாட்டிக்கொள்வது அங்கே வழக்கம்.

"சமையலறை அலமாரிக் கதவு ஒண்ணு பாக்கி. அதை மாட்டிட்டா முகம் கொஞ்சம் நல்லா இருக்கும். பட்டறையில போய் முடிச்சு எடுத்துட்டு வந்துடறேன். சமர்த்தா இரு" என்று சொல்லிவிட்டு அம்மா முற்றத்தைக் கடந்து போனார்.

முதலில் அதிகாரி வந்தார். நெட்டையான, கனத்த உடம்பு. கையில் ஒரு குறிப்பேடு. முகத்தில் சிரிப்பு இருந்ததற்கான அடையாளமே இல்லை.

தும்பி கொடுத்த காலுறை அவருடைய பாதி ஷூவுக்குத்தான் எட்டியது.

"இதைவிடப் பெருசு இல்லையா?"

"இதுதான் சார் பெருசு. இதுக்கு மேலன்னா தலையணை உறைதான் மாட்டணும்."

அதிகாரி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குதிகால் இரண்டும் வெளியே தெரிய, விமானி அறைக்குள் போய் இடப்பக்க இருக்கையில் அமர்ந்தார். "பத்து நிமிஷம் போதும் எனக்கு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அந்தப் பத்து நிமிடம் என்ற சொல் தும்பியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. முப்பது ஆண்டுகள் பறந்தவளைப் பார்க்கப் பத்தே நிமிடமா?

அதற்குள் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். காலுறைகளை மாட்டியும் மாட்டாமலும் உள்ளே பாய்ந்தார்கள்.

"டேய், இங்க வாங்கடா! கடைசி சன்னல்ல இன்ஜின் பக்கத்துலயே தெரியுது!"

"எவ்வளவு பெரிய வாய்! நம்ம வாத்தியார் கொட்டாவி விடுற மாதிரியே இருக்கு!"

கேட்க வேண்டுமா? முப்பத்தெட்டுப் பேரும் வால்பக்கம் ஓடினார்கள். "ஓடாதீங்க! ஓடக் கூடாதுன்னு சொன்னேன்ல!" என்று கத்தியபடி அவர்களுடைய டீச்சரும் பின்னாலேயே ஓடினார்.

யாரோ ஒருவனின் காலுறை வாசலில் விழுந்து கிடந்தது. அதை எடுக்கக் குனிந்த தும்பி அப்படியே நின்றாள்.

காலையில் படிக்கட்டின் மேடையும் விமானத்தின் வாசலும் ஒரே மட்டத்தில் இருந்தன. ஒரு கோலிக்குண்டை உருட்டினால் தடையின்றி உள்ளே போகும். இப்போதோ வாசல் இரண்டு விரல் உயரத்தில் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நான்கு விரல் ஆயிற்று.

எங்கோ உள்ளிருந்து, உறக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல் விமானம் மெல்ல முனகியது.

தும்பி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். முன்கால் தெரிந்தது. அந்த வெள்ளித் தண்டை அவளைப்போல் அறிந்தவர் யாருமில்லை. எப்போதும் அவள் உள்ளங்கை அகலம்தான் அது வெளியே தெரியும். இன்று ஒரு சாண் தெரிந்தது. சுமை குறைந்த கால், மூச்சு விட்டதுபோல் நீண்டுகொண்டிருந்தது.

பெரியம்மா மூக்கைத் தூக்குகிறாள்!

ஆனால் மூட்டைகள்? தும்பி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். கொட்டகைச் சுவரோரம் அவை அடுக்கடுக்காகக் கிடந்தன, இருபத்தாறும். ஓட்டை மூட்டையிலிருந்து சிந்திய மணலில் இரண்டு குருவிகள் குளித்துக்கொண்டிருந்தன.

'ஓடி வாங்க' என்று கத்தலாமா? கத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டுவார்கள். வாசலுக்கும் படிக்கும் இடையில் இருக்கும் இடைவெளியில் யாராவது கால் தவறி விழுவார்கள். அம்மாவைக் கூப்பிட ஓடினால் அதற்குள் என்ன ஆகுமோ!

அந்த நேரம் பார்த்து விமானி அறையில் இருக்கை கிறீச்சிட்டது. "சரி, பார்த்தாச்சு" என்று அதிகாரி எழுந்திருக்க முனைந்தார்.

தும்பி ஒரு கணம் தயங்கினாள். உண்மையைச் சொன்னால், 'ஆபத்தான விமானம், வெட்டிவிடவும்' என்று எழுதிவிடுவார். மூன்று ஆண்டுகளாக அம்மா ஒட்டிய ஒவ்வொரு தகடும் அவள் கண்முன் வந்து போயிற்று. ஆனால் வாலில் முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

வாசலின் குறுக்கே சங்கிலியை மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"சார், எழுந்திருக்காதீங்க!" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"என்னது?"

"தயவுசெஞ்சு உட்காருங்க. நீங்க எழுந்தா பெரியம்மா பின்பக்கமா உட்கார்ந்துடுவா."

"யாரு பெரியம்மா?"

"இந்த விமானம்தான் சார். முன்னாடி இருந்த மணல் மூட்டை இப்போ இல்ல. பின்னாடி முக்காலியும் இல்ல. எல்லாரும் வால்ல நிக்கறாங்க. இப்போ முன்பக்கத்துக்கு நீங்கதான் மூட்டை."

அதிகாரி முன்கண்ணாடியைப் பார்த்தார். சற்றுமுன் கண்ணாடியின் நடுவில் தெரிந்த கொட்டகைக் கூரை இப்போது அதன் அடிவிளிம்பில் இருந்தது. மீதியெல்லாம் வானம். அவர் முட்டையின்மேல் அமரும் கோழியைப்போல் மெல்ல மெல்ல உட்கார்ந்தார்.

"நான்... மூட்டை."

"ஆமா சார்."

"அசையவே கூடாதா?"

"மூச்சு விடலாம் சார்."

"இப்போ என்ன பண்ணப்போறே?"

தும்பி தொங்கும் கருவியை நோக்கி நடந்தாள். இந்த முறை நடை மெதுவாகவில்லை. அதைக் கையில் எடுத்து, பொத்தானை அழுத்தி, தான் மனத்துக்குள் ஆயிரம் முறை பேசிப் பார்த்த குரலில் பேசினாள்:

"அன்பார்ந்த பயணிகளே, வணக்கம். நமது விமானி உங்கள் ஒவ்வொருவரையும் சந்திக்க விரும்புகிறார். அவர் அருகில் நின்று விமானம் ஓட்டும் சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கலாம். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கே முதல் வாய்ப்பு. வரிசையாக, மெதுவாக நடந்து வரவும். ஓடி வருபவர்களுக்குச் சக்கரம் கிடையாது. நன்றி."

விமானி அறையிலிருந்து, "விமானியா? நானா?" என்ற குரல் கேட்டது.

"பின்னாடி கொக்கியில ஒரு தொப்பி மாட்டியிருக்கு சார். எட்டும். எழுந்திருக்காம எடுங்க."

வாலில் ஒரே இரைச்சல்.

"கடைசி வரிசை நான்தான்!"

"பொய் சொல்லாதே, நீ இப்பத்தான் அங்க தாவினே!"

"அது என்ன நியாயம்? முன்னாடி இருக்கிறவங்கதானே முதல்ல போகணும்?"

ஆனால் ஒருவரும் ஓடவில்லை. ஓடினால் சக்கரம் கிடையாதே! ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, எறும்பு வரிசைபோல் முன்னே நகர்ந்தார்கள். சக்கரத்தைப் பிடித்து முடித்தவர்களைத் தும்பி முன்வரிசை இருக்கைகளில் அமரவைத்தாள். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர்.

நடுவே அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். நான்கு விரல். இன்னும் சிலர் வந்தபின் மூன்று விரல்.

"முப்பத்திரண்டு..." என்று எண்ணிய டீச்சர் திகைத்தார். "மிச்சம் ஆறு பேர் எங்கே?"

ஐந்து பேர் கடைசி வரிசையில் ஒரு சிறுவனைச் சூழ்ந்து நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கை வாரை மாட்டிப் பார்த்தவனுக்கு அதைக் கழற்றத் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

தும்பி மறுபடியும் கருவியை எடுத்தாள். "கடைசி வரிசைப் பயணிக்கு ஒரு செய்தி. பக்கிளை இழுக்க வேண்டாம். அதன் மூடியை மேலே தூக்கவும். முதல் நாள் எனக்கும் திறக்க வரவில்லை. அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தேன்."

'டிக்' என்று ஓர் ஓசை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சிறுவன் வெற்றி வீரனைப்போல் நடந்து வந்தான்.

வாசல் இறங்கி இறங்கி, படிக்கட்டின் மேடையோடு மறுபடி மட்டமாயிற்று. தும்பி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பட்டறை வாசலில் 'டமார்' என்று ஏதோ விழுந்தது. வெளியே வந்து, வாலுக்குக் கீழே முக்காலியும் இல்லை, மூட்டைகளும் சுவரோரம் கிடக்கின்றன என்று பார்த்துவிட்ட அம்மா, அலமாரிக் கதவைக் கைநழுவ விட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சட்டைப் பையில் ஸ்பானரோடு போகும் மெக்கானிக்கான ஸ்பானர் மாமா ஒருபக்கமும், பெயிண்டர் அண்ணன் மறுபக்கமும் ஓடி வந்தார்கள். வாலுக்குக் கீழே இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"நீ முக்காலியை எடுத்துட்டியா?"

"நீங்க மூட்டையை எடுத்துட்டீங்களா மாமா?"

"மணல் சிந்துது, அதிகாரி பார்த்தா அசிங்கம்னு அவர் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பக்கமா இறக்கிட்டேன். முக்காலிதான் இருக்கேன்னு..."

"மூட்டைதான் இருக்கேன்னு நான்..."

"அப்புறம் பேசுங்க ரெண்டு பேரும்! முதல்ல தூக்குங்க!" என்றார் அம்மா.

ஈரம் காயாத முக்காலி வாலுக்குக் கீழே வந்து நின்றது. மூவரின் கைகளும் முழங்கை வரை மஞ்சள். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சாமான் அறைக்குத் திரும்பின. கடைசி மூட்டை ஏறியதும் தும்பி சங்கிலியைக் கழற்றினாள். பிள்ளைகள் இறங்கிப் போனார்கள்.

"மூட்டை இப்போ எழுந்திருக்கலாமா?" என்று விமானி அறையிலிருந்து கேட்டது.

அதிகாரி கீழே இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார். அம்மா மஞ்சள் கைகளை மறைக்காமல் அவர் முன் நின்றார்.

"தப்பு எங்களோடது சார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கல. விமானம் மேல எந்தத் தப்பும் இல்ல."

"தெரியுது" என்றார் அதிகாரி. குறிப்பேட்டைத் திறந்தார். அதில் ஏற்கெனவே ஏதோ ஒரு வரி எழுதியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். தும்பியின் விரல்கள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்தன.

"முப்பத்தெட்டுப் பேரும் சக்கரத்தைப் பிடிச்சாங்க" என்று அவர் மெல்லச் சொன்னார். "ஒவ்வொருத்தரையும் எங்கே போறீங்கன்னு கேட்டேன். சும்மா, பேச்சுக்கு. ஒரு பொண்ணு அவங்க அப்பா வேலை பார்க்கிற ஊருக்குன்னா. ஒருத்தன் நிலாவுக்குன்னான். அந்த பக்கிள் பையன் இருக்கானே, அவன் எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருக்கலாம்னான். அதுக்கப்புறம் இதை வெட்டுங்கன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதி அம்மாவிடம் காட்டினார்: 'விமானம் இங்கேயே இருக்கலாம். நிபந்தனை: முக்காலியைத் தரையோடு இறுக்கிவிட வேண்டும். வண்ணம் பூசுவதாயின் நின்ற இடத்திலேயே பூசவும்.'

பெயிண்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். தலைமுடியும் மஞ்சளாயிற்று.

எல்லோரும் போனபின், அம்மா அலமாரிக் கதவைத் தூக்கிக்கொண்டு விமானத்துக்குள் வந்தார். அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"அந்தக் கருவியைத் தொடக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"பதினேழு தடவைம்மா."

"எண்ணி வேற வச்சிருக்கியா?"

அம்மா கதவைச் சாய்த்து வைத்தார். கூடையிலிருந்து ஒரு சோடி காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். இருக்கைகள் வரிசையாக இருந்த பக்கம் திரும்பினார். மூன்று ஆண்டுகளாக அந்த விமானத்துக்குள் அவர் ஊர்ந்திருக்கிறார், மல்லாந்து படுத்திருக்கிறார், தலைகீழாகக்கூடத் தொங்கியிருக்கிறார். ஒருநாளும் ஓர் இருக்கையில் அமர்ந்ததில்லை.

முன்வரிசையில், சன்னலோரமாக அமர்ந்து, வாரை மாட்டிக்கொண்டார்.

"நான் பட்டறையில இருந்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல. எங்கே, இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்."

தும்பி கருவியை இரண்டு கைகளாலும் எடுத்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அன்பார்ந்த பயணியே, வணக்கம். பெரியம்மா உங்களை வரவேற்கிறாள். தயவுசெய்து முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கவும்."

அம்மா அசையாமல் அமர்ந்திருந்தார்.